உங்களுக்குத் தெரியுமா? எட்டால் வகுப்பதா, பத்தால் வகுப்பதா?

● 56கே மோடத்தின் வேகம் விநாடிக்கு 56,000 பிட். 8 பிட் சேர்ந்தால் 1 பைட். எனவே அதன் உச்சம் விநாடிக்கு 7,000 பைட்தான். 4 எம்பி அளவுள்ள ஒரு பாட்டை இறக்க, எல்லாம் கூடி வந்தாலும் ஒன்பதரை நிமிடம் ஆகும். இந்தக் கணக்கில் கிலோ என்றால் 1,000. 1,024-ஐ இங்கே கொண்டுவரக் கூடாது. அமெரிக்காவில் இந்த 56-கூட முழுதாகக் கிடைத்ததில்லை. தொலைபேசிக் கம்பியில் அனுப்பும் சமிக்ஞையின் திறனுக்கு அந்நாட்டு அரசு விதித்திருந்த வரம்பால், வேகம் 53.3-லேயே நின்றுவிட்டது.

● '9600 பாட் மோடம்' என்று பலரும் சொன்னது பிழை. பாட் என்பது விநாடிக்குச் சமிக்ஞை எத்தனை முறை மாறுகிறது என்ற எண்ணிக்கை. பிரெஞ்சுத் தந்திப் பொறியாளர் எமில் போதோவின் பெயரால் வந்த அலகு. 300 பிட் மோடத்தில் ஒரு மாற்றத்துக்கு ஒரு பிட், ஆகவே இரண்டும் ஒன்றே. 9600 மோடத்தில் சமிக்ஞை விநாடிக்கு 2,400 முறைதான் மாறும். ஒவ்வொரு மாற்றமும் 4 பிட்டைச் சுமந்து போகும்.

● எல்லாவற்றையும் எட்டால் வகுக்கப் பழகியவர்களை ஏமாற்றுவது சீரியல் போர்ட். அதில் 9600 என்று அமைத்தால் விநாடிக்கு 1,200 பைட் போகும் என்று நினைப்போம். போவது 960. கடிதத்துக்கு உறை போல, ஒவ்வொரு பைட்டுக்கும் முன்னால் ஒரு தொடக்க பிட், பின்னால் ஒரு முடிவு பிட். ஆக 8 பிட் செய்திக்குக் கம்பியில் 10 பிட் ஓடுகிறது. ஆகவே இங்கே பத்தால்தான் வகுக்க வேண்டும்.

அப்படியானால் 56கே மோடத்துக்கு மட்டும் ஏன் எட்டு? கணினியிலிருந்து மோடம் வரைதான் அந்த உறை. பிழை திருத்தும் வசதியுள்ள மோடம் அதைக் கழற்றிவிட்டு, செய்தியை மட்டும் கட்டுக்கட்டாகத் தொலைபேசிக் கம்பியில் அனுப்பும். ஒரே இணைப்பில் இரண்டு கணக்கு! மோடத்துக்கான போர்ட்டை 56,000-ஐ விட மிக அதிகமாக, 1,15,200 என்று அமைக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

● அந்த 1,15,200 எங்கிருந்து வந்தது? பழைய பிசிக்களின் சீரியல் சிப்புக்குத் துடிப்பு கொடுத்தது 18,43,200 ஹெர்ட்ஸ். அதை 16-ஆல் வகுத்துப் பாருங்கள். விடையை இன்னொரு முறை 12-ஆல் வகுத்தால் 9,600 வரும்.

● 1.44 எம்பி ஃப்ளாப்பியில் 1.44 எம்பி கிடையாது. அதன் கொள்ளளவு 14,74,560 பைட். பத்து லட்சத்தால் வகுத்தால் 1.47, 1,024-ஆல் இரண்டு முறை வகுத்தால் 1.41. ஒரு முறை 1,024, ஒரு முறை 1,000 என்று கலந்து வகுத்தால்தான் 1.44 வரும். கணினி வரலாற்றில் இதைவிடக் குழப்பமான எண்ணை யாரும் பெட்டியில் அச்சிட்டிருப்பார்களா தெரியவில்லை.

வேகக் கணக்கு இன்னும் சுவையானது. ஏட்டில் விநாடிக்கு 5 லட்சம் பிட், அதாவது 62,500 பைட். ஆனால் வட்டு விநாடிக்கு 5 சுற்றுதான் சுற்றுகிறது. ஒரு சுற்றில் 18 செக்டர், ஒவ்வொன்றிலும் 512 பைட். பெருக்கினால் 46,080. மீதி வேகத்தைச் செக்டர்களின் முகவரியும் இடைவெளியும் பிழைச் சோதனையும் எடுத்துக்கொள்கின்றன. இரு பக்கமும் சேர்த்து 160 தடங்கள். எவ்வளவு நல்ல டிரைவாக இருந்தாலும் முழு ஃப்ளாப்பியையும் படிக்க 32 விநாடியாவது ஆகும்.

● சிடி டிரைவின் '1 எக்ஸ்' என்பது விநாடிக்கு 150 கிலோபைட். இங்கே கிலோ 1,024! விநாடிக்கு 75 செக்டர், ஒன்றுக்கு 2,048 பைட்; மொத்தம் 1,53,600. அதே வட்டில் பாட்டு இருந்தால் செக்டருக்கு 2,352 பைட். பாட்டில் ஒரு பைட் கெட்டால் காது கண்டுபிடிக்காது, மென்பொருளில் கெட்டால் எல்லாமே போச்சு. அதனால் மிச்சமுள்ள 304 பைட்டைச் செக்டரின் அடையாளத்துக்கும் கூடுதல் பிழைத் திருத்தத்துக்கும் ஒதுக்கினார்கள்.

● டிவிடியின் 1 எக்ஸ் வேறு: விநாடிக்கு 13,85,000 பைட். 16 எக்ஸ் டிவிடி டிரைவின் வேகம், சிடி கணக்கில் 144 எக்ஸ்.

● ஹார்ட் டிஸ்க் கேபிளில் 'அல்ட்ரா ஏடிஏ 133' என்பது விநாடிக்கு 133 மெகாபைட். அடுத்து வந்த சாட்டா, விநாடிக்கு 1.5 கிகாபிட். எட்டால் வகுத்தால் 187.5 மெகாபைட், ஆனால் சாட்டாவும் 8 பிட்டை 10 பிட்டாக மாற்றியே அனுப்புவதால் கிடைப்பது 150. அன்றைய வட்டுகள் 133-ஐயே எட்டவில்லை என்பதால், கேபிள் மாறியும் வேகத்தில் பெரிய மாற்றம் தெரியவில்லை.

● பழைய பென் டிரைவின் அட்டையில் 'யூஎஸ்பி 2.0' என்பதை மட்டும் பார்த்து நம்பாதீர்கள். 'ஃபுல் ஸ்பீடு' என்றிருந்தால் 12 மெகாபிட், அதாவது விநாடிக்கு 1.5 மெகாபைட்தான். 480 மெகாபிட்டுக்கு உரிய சொல் 'ஹை ஸ்பீடு'. இரண்டையும் 2.0 என்ற ஒரே பெயரில் விற்க இடம் கொடுத்தது வாங்குபவருக்குச் செய்த அநீதி.

● 2004-ல் இந்திய அரசின் பிராட்பேண்ட் கொள்கை, விநாடிக்கு 256 கிலோபிட் இருந்தாலே பிராட்பேண்ட் என்றது. எட்டால் வகுத்தால் 32 கிலோபைட். ஒரு முழு சிடி அளவுள்ள கோப்பை அதில் இறக்க ஏறக்குறைய 6 மணி நேரம். அதே சிடியை 1 எக்ஸ் டிரைவ் 74 நிமிடத்தில் படித்து முடித்துவிடும்.