உங்களுக்குத் தெரியுமா? உருண்டை உலகம் இடைக்கால அறிஞர்களுக்குப் பாலபாடம்!

இடைக்கால ஐரோப்பியர் பூமியைத் தட்டை என்று நம்பினார்கள், கொலம்பஸ்தான் அதைப் பொய்யாக்கினார் என்பது வெறும் கட்டுக்கதை. பூமி பந்து போன்றது என்று 8ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்துத் துறவி பீட் எழுதிவிட்டார். 13ஆம் நூற்றாண்டில் சாக்ரோபோஸ்கோ எழுதிய வானியல் நூல், பல்கலைக்கழகங்களில் நூற்றாண்டுக்கணக்கில் பாடமாக இருந்தது. அது தரும் சான்று அருமையானது: கப்பல் விலகிச் செல்லும்போது, பாய்மரத்தின் அடியில் நிற்பவருக்குக் கரையின் அடையாளம் மறைந்துவிடும், உச்சியில் இருப்பவருக்கோ இன்னும் தெரியும்.

மேற்கே கடல்வழியாக ஆசியா செல்லத் திட்டமிட்ட கொலம்பஸோடு ஸ்பெயின் அறிஞர்கள் வாதிட்டது பூமியின் அளவைப் பற்றித்தான். அவர்கள் கணக்கே சரி. கொலம்பஸ் பூமியை மிகச் சிறியதாக எண்ணியிருந்தார். வழியில் அமெரிக்கா குறுக்கிடாவிட்டால் ஆசியாவை எட்டுமுன் உணவும் நீரும் தீர்ந்திருக்கும்.

தட்டைக் கதையைப் பரப்பியதில் பெரும்பங்கு, வாஷிங்டன் இர்விங் 1828இல் கற்பனை கலந்து எழுதிய கொலம்பஸ் வரலாற்றுக்கு உண்டு. எத்தனையோ தலைமுறை அறிஞர்களுக்கு இழைக்கப்பட்ட அநியாயம் இது!