உங்களுக்குத் தெரியுமா? சூட்டை அளக்கும் ஒளி
தலைமுடியைவிட ஆயிரம் மடங்கு மெல்லிய படலத்தில் வெப்பம் எப்படிப் பாய்கிறது என்று அளக்கச் சாதாரண வெப்பமானியால் முடியாது. லேசரால் முடியும்! பொருளின்மேல் மெல்லிய அலுமினியப் பூச்சு பூசி, ஒரு லேசர் துடிப்பால் சூடேற்றுகிறார்கள். பின்னாலேயே வரும் இன்னொரு துடிப்பு எவ்வளவு பிரதிபலிக்கிறது என்று பார்த்தால், பூச்சு எவ்வளவு வேகமாக ஆறுகிறது என்பது தெரிந்துவிடும். ஒரு டிகிரிக்குப் பிரதிபலிப்பு ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் மாறும். அதையும் கருவி பிடித்துவிடுகிறது.

இரண்டாவது துடிப்பைத் தாமதப்படுத்தும் விதம்தான் அழகு. கண்ணாடியை நகர்த்தி அதன் பாதையை 0.3 மில்லிமீட்டர் நீட்டினால் போதும், ஒளி ஒரு பிக்கோவினாடி, அதாவது வினாடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு, பிந்தி வரும். போரான் ஆர்சனைடு படிகம் செம்பைவிட இரண்டு மடங்குக்கும் மேலாக வெப்பம் கடத்துகிறது என்று 2018இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டியது இந்த முறையில்தான்.