விதி என்று சொல்லாதீர்!

2023 ஆம் ஆண்டு, ஜூலைத் திங்கள் 29 ஆம் நாள். கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பட்டாசுக் கிடங்கு வெடித்துச் சிதறியது. பக்கத்துக் கட்டடங்கள் இடிந்து விழுந்தன. 9 உயிர்கள் பறிபோயின. அருகே இருந்த உணவகத்துச் சிலிண்டரே காரணம் என்றார் மாநில அமைச்சர். இல்லை என்று மறுத்துரைத்தவர்களும் உண்டு. மாநிலங்களவை வரை சென்றது அந்த வாதம். ஆனால், இத்தகைய சாவுகளுக்கெல்லாம் தெருமுனையில் ஒரு தீர்ப்பு எப்போதும் தயாராக இருக்கிறது. "என்ன செய்வது, அவர்கள் விதி!"

விதிக்கு எடை இல்லை, தோழர்களே! வாயுவுக்கு உண்டு. நாம் சமைக்கும் எரிவாயு, காற்றைவிட ஒன்றரை மடங்கு முதல் இரண்டு மடங்கு வரை கனமானது. கசிந்தால் புகைபோல மேலே போகாது, தண்ணீரைப் போலத் தரையில் தவழும், கட்டிலுக்கடியில் பதுங்கும், பள்ளத்தில் தேங்கும். சுவரின் உச்சியில் ஓர் ஓட்டை இருக்கிறது, அது போதும் என்று எண்ணுவது முதல் மயக்கம். கதவைத் திறந்தால்தான் அது வெளியேறும்.

ஓசூர் குளிர்ந்த ஊர். மார்கழியில் சன்னலைத் திறந்து வைத்துத் தூங்குபவர் யார்? ஜூஜூவாடியிலும் மூக்கண்டப்பள்ளியிலும் பேகேப்பள்ளியிலும் ஆலைத் தொழிலாளர் தங்கும் வாடகை அறைகளைப் பாருங்கள். ஒரே அறை, அதிலேயே அடுப்பு, அதிலேயே படுக்கை. அடைத்த அறையில் கசிந்த வாயு காற்றோடு கலக்கிறது. நூறு பங்கு காற்றில் இரண்டு பங்கு அளவுக்கு வாயு சேர்ந்தாலே தீப்பற்றப் போதும். பிறகு ஒரு பொறி! எஃகுச் சிலிண்டர் அப்படியே நிற்கும், அறை வெடிக்கும். "சிலிண்டர் வெடித்தது" என்று மறுநாள் பேசுவோம். குண்டாக மாறியது அந்த அடைத்த அறையன்றோ!

பொறி எங்கிருந்து வருகிறது? வாடை வந்ததும் விளக்கைப் போட்டுப் பார்க்கிறோமே, அந்தச் சுவிட்சிலிருந்து! வாயுவை விரட்ட விசிறியைச் சுழல விடுகிறோமே, அதிலிருந்து! எரிகிற விளக்கை அணைத்தாலும் பொறி பறக்கும். எனவே போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. தீக்குச்சி கிழித்துக் கசிவு தேடுவது சாவைத் தேடுவதற்குச் சமம். சோப்பு நுரையைத் தடவுங்கள். கசியும் இடத்தில் குமிழி கிளம்பும்.

அடுப்பின் திருகை மூடினால் போதும் என்பது இன்னொரு மயக்கம். திருகு மூடியிருந்தாலும் ரெகுலேட்டர் திறந்திருந்தால், குழாய் முழுதும் வாயு காத்திருக்கிறது. எலி கடித்தாலும், வெயிலில் வெடித்தாலும் அது வெளியே வரும். ஆகவே, இரவில் ரெகுலேட்டரையும் மூடுங்கள். குழாயை 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

தீரப்போகும் சிலிண்டரைப் படுக்க வைத்துக் கடைசிச் சொட்டையும் வாங்குவது சிக்கனம் என்பார்கள். நின்றால் வாயு வரும். படுத்தால் திரவமே வரும். ஒரு லிட்டர் திரவம் ஏறத்தாழ 250 லிட்டர் வாயுவாகப் பெருகும். அடுப்பில் எழும் தீ உங்கள் முகத்தைக் கேட்கும். அரைவேளைச் சோற்றுக்கு அது மிகப் பெரிய விலை.

சிலிண்டரின் கழுத்தில் உள்ள எழுத்தைக் கண்டு, வாயு கெட்டுப்போகும் நாள் என்று மிரள்வாரும் உண்டு. வாயு கெடுவதில்லை. அது எஃகை மீண்டும் சோதிக்க வேண்டிய காலம். ஏ, பி, சி, டி என்பவை ஆண்டின் நான்கு காலாண்டுகள். சி 28 என்றால் 2028 செப்டம்பருக்குள் சோதனை. அது கடந்திருந்தால் வாங்காமல் திருப்பி அனுப்புங்கள்.

சரி, சிலிண்டரே பிளப்பது கிடையாதா? உண்டு! தீ அதைச் சூழும்போது பிளக்கும். அளவு பாராமல் நிரப்பினாலும் பிளக்கும். முறையான ஆலையில், திரவம் விரிவதற்கென்று உள்ளே இடம் விட்டு நிரப்புகிறார்கள். சந்துக்கடையில், பெரிய சிலிண்டரைக் கவிழ்த்து, முத்திரையற்ற சின்னதில் பிடிப்பவனுக்கு அந்தக் கணக்கு ஏது? சட்டப்படி அது குற்றம்.

அந்தச் சின்னச் சிலிண்டரை வாங்குபவன் யார்? ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த தொழிலாளி. முகவரிச் சான்று இல்லை, இணைப்பு கிடைக்காது என்று யாரோ சொன்னதை நம்பிவிட்டான். முகவரிச் சான்று கேட்காமல், அடையாளச் சான்று மட்டும் பார்த்துத் தரும் 5 கிலோ சிலிண்டர் இருக்கிறதே! இந்தியன் ஆயில் 2020 முதல் 'சோட்டு' என்ற பெயரில் விற்கிறதே! அதை அவனிடம் யார் சொன்னார்கள்? முறையாகப் பதிந்த இணைப்பிலே எரிவாயு விபத்து நேர்ந்து ஒருவர் இறந்தால், எண்ணெய் நிறுவனங்களின் காப்பீட்டில் 6 லட்சம் ரூபாய் வரை உண்டு. சந்துக்கடைச் சிலிண்டருக்கு என்ன உண்டு? சாம்பல்தான்!

சன்னலில்லாத அறையைக் கட்டி, தலைக்கு இவ்வளவு என்று வாடகை வாங்குபவர் ஒருபுறம். ஆளை வரவழைத்துவிட்டு, அவன் எங்கே சமைக்கிறான் என்று எட்டிப் பாராத ஒப்பந்தக்காரர் மறுபுறம். இடையில் மாள்பவன் மீது "கவனக்குறைவு" என்று எழுதிக் கோப்பை மூடுவதா நீதி?

தோழர்களே! தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் உலவும் எல்லை மண் நம்முடையது. நம் மீது ஒரு மொழி திணிக்கப்படுவதை எதிர்த்தோம், எதிர்ப்போம். அதற்காக, பக்கத்து அறையில் தூங்கும் உழைப்பாளிக்கு உயிர்காக்கும் சொல்லை அவன் மொழியிலே சொல்ல மறுப்போமா? ஒடியா தெரிந்த ஒரு தொழிலாளியை அழைத்துக்கொள்ளுங்கள். இந்தி தெரிந்த மற்றொருவரை அழைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை அறை அறையாகச் செல்லுங்கள். ஐந்தே செய்திகள்:

வாடை வந்தால் சுவிட்சைத் தொடாதே. ரெகுலேட்டரை மூடு. கதவைத் திற. எல்லோரையும் எழுப்பி வெளியே வா. வெளியே வந்தபின் 1906 என்ற எண்ணை அழை.

ஐந்தையும் சொல்ல அரை நிமிடம் ஆகாது. இதைச் சொல்லாமல் விட்டுவிட்டு, நாளை மாலை வாங்கிக்கொண்டு போய், "விதி" என்று நாமும் சொல்லி நிற்கலாமா?