பிறெஸ்ரன் நகரின் பணம் சென்ற வழி

எம்மவர் கடைக்குச் செல்வதா, பேரங்காடிக்குச் செல்வதா என்று சனிக்கிழமைகளில் தயங்காத குடும்பம் புலம்பெயர் நாடுகளில் அரிது. அரிசிப் பையில் ஒரு பவுண்ஸ் மிச்சம் என்பதே பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கின்றது. கொடுத்த பணம் அப்பால் எங்கே போகின்றது என்று நாம் கேட்பதில்லை. இங்கிலாந்தின் வடமேற்கிலுள்ள பிறெஸ்ரன் நகரம் அதனைக் கேட்டது.

பஞ்சாலைகள் மூடப்பட்டு நலிந்திருந்த அந்நகரம் 700 மில்லியன் பவுண்ஸ் பெறுமதியான வணிக வளாகத் திட்டமொன்றை நம்பியிருந்தது. முதன்மைக் கடையாக வரவிருந்த நிறுவனம் விலகிக்கொள்ளவே, 2011 நவம்பரில் அத்திட்டம் கைவிடப்பட்டது. வெளியிலிருந்து வரும் முதலீட்டுக்குக் காத்திருப்பதை விடுத்து, ஊரைவிட்டு வெளியேறும் பணத்தின்மீது மாநகரசபை கண்வைத்தது. சபைகள், காவற்றுறை, கல்லூரிகள், வீடமைப்புச் சங்கம் என ஆறு பொது நிறுவனங்களின் கொள்வனவுக் கணக்குகள் ஆராயப்பட்டன. 2012-13 இல் அவை செலவிட்ட சுமார் 750 மில்லியன் பவுண்ஸில் 5 வீதமே நகருக்குள் தங்கியிருந்தது!

உள்ளூரவர் என்பதற்காகவே ஒருவருக்கு ஒப்பந்தம் வழங்க அந்நாளைய ஐரோப்பியச் சட்டம் இடந்தரவில்லை. ஆகவே ஒப்பந்தங்களின் பருமனைக் குறைத்தனர். லங்காஷயர் பாடசாலைகளின் மதிய உணவுக்கான கொள்வனவு முட்டை, பால், பாற்கட்டி, யோகட் எனக் கூறுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே கேள்விப்பத்திரம் கோரப்பட்டது. முழுவதையும் சுமக்க இயலாத சிறு வழங்குநர் ஒரு கூற்றைச் சுமக்க முன்வந்தனர். லங்காஷயர் விவசாயிகளின் விளைபொருள்களைக் கொள்வனவு செய்யும் உள்ளூர் வழங்குநருக்கே அவை கிடைத்தன. அவ்விவசாயி தன் வேலையாளுக்குக் கூலி கொடுக்கின்றார். உழவு இயந்திரத்தை அயலூரிலேயே திருத்துகின்றார். பணம் ஊரைவிட்டகலுமுன் பல கைகள் மாறுகின்றது. 2016-17 இல் அந்த ஆறு நிறுவனங்களும் நகருக்குள் செலவிட்ட தொகை 38 மில்லியனிலிருந்து சுமார் 112 மில்லியன் பவுண்ஸாக உயர்ந்திருந்தது. அவற்றின் மொத்தச் செலவு அக்காலத்தில் குறைந்திருந்தது என்பதையும் நோக்குக.

எமது கடைகளுக்கு இக்கணக்கு அப்படியே பொருந்தாது. அரிசியும் மிளகாயும் கடல் கடந்தே வருகின்றன. அவற்றின் விலையிற் பெரும்பங்கு ஊரில் தங்குவதில்லை. தங்குவது வேலையாளின் ஊதியமும் முதலாளியின் இலாபமுமே. ஊதியத்தைச் சட்டம் விதித்த அளவுக்குக் குறைத்துக் கொடுக்கும் கடை, எம்மவருடையதாயினும், இந்த வாதத்தைத் தனக்குத் துணையாகக் கொள்ள முடியாது.

எங்கே வாங்குவது என்று தெரிவுசெய்யும் உரிமைதானும் அகதிகளுக்கு ஒருகாலத்தில் இருக்கவில்லை. பிரித்தானியாவில் 2000 ஏப்ரல் முதல் தஞ்சம் கோரியோருக்குப் பணத்துக்குப் பதிலாகப் பற்றுச்சீட்டுகள் வழங்கப்பட்டன. பதிவுபெற்ற கடைகளில் மட்டுமே அவை செல்லுபடியாகின. மீதிச் சில்லறை திருப்பிக் கொடுக்கப்படவில்லை. பதிவில்லாத தெருமுனைக் கடைக்காரர் விரும்பினாலும் அவற்றை ஏற்க முடியாது. 2002 இல்தான் அம்முறை நீக்கப்பட்டது.