கொல்லி மலையில் இரண்டு நாள்

கொல்லி மலைக்குப் போவதற்கு இரண்டு மார்க்கங்கள் உண்டு. மோட்டாரில் உட்கார்ந்து, கண்களை இறுக மூடிக்கொண்டு 70 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்துவிடுவது ஒன்று. சைக்கிளில் ஏறி, அவ்வளைவுகளை ஒவ்வொன்றாக எண்ணி, ஒவ்வொன்றுக்கும் வியர்வையால் வரி செலுத்திக்கொண்டு போவது மற்றொன்று. "பின்னதற்கு யார் துணிவார்கள்?" என்று நேயர்கள் கேட்கலாம். சென்ற தை மாதத்தில் நானும் என் நண்பர் ஒருவரும் துணிந்தோம்.

எங்கள் வாகனம் சாதாரணச் சைக்கிள் அன்று. மலைப் பாதைக்கென்றே செய்யப்பட்டது. பருமனான டயர்கள், பின்னால் பெரிதும் சிறிதுமாகப் பல பல்சக்கரங்கள். சங்கிலியைப் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றிவிட்டால் கால் வேகமாகச் சுழலும். வண்டி மெதுவாக ஊரும். ஆனால் எத்தகைய ஏற்றத்திலும் ஏறிவிடும். அவசரம் என்பது அதன் அகராதியிலேயே இல்லை.

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் வழியாக அடிவாரமான காரவள்ளியை அடைந்து, விடியற்காலையில் ஏறத் தொடங்கினோம். வளைவுக்கு வளைவு காற்று குளிர்ந்தது. மேலே சோளக்காட்டை அடைந்தபோது, மரங்களில் மிளகுக் கொடிகள் படர்ந்திருந்தன; அவற்றின் நிழலில் காப்பிச் செடிகள் சிவந்த பழங்களுடன் நின்றன.

செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலை இருக்கிறது. ஒரே அம்பினால் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் வீழ்த்தியவன் என்று புறநானூற்றில் வன்பரணரால் பாடப்பெற்ற வேடனே இவன் என்பர். இம்மலையை ஆண்ட அவன் கொடையிலும் சிறந்தவன். இங்கே வாழும் மலையாளி மக்கள், தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்கிறார்கள். வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு என்று மலை முழுவதும் சிறு சிறு நாடுகளாகவே வகுக்கப்பட்டிருக்கிறது.

செம்மேட்டுக்கு அப்பால் நாங்கள் தார்ச்சாலையை விட்டுச் செம்மண் பாதையில் இறங்கினோம். மோட்டாரில் வருகிறவர்கள் காணாத கொல்லி மலை இதுதான். இருபுறமும் மரவள்ளி, மரவள்ளி, மரவள்ளி! சமவெளியிலுள்ள ஜவ்வரிசி ஆலைகளுக்குச் செல்லும் கிழங்கு அது. ஒரு குடிசை வாசலில் மோர் கொடுத்த மூதாட்டியிடம், "பாட்டி, இங்கே சாமை விதைப்பதில்லையா?" என்று கேட்டேன்.

"விதைக்கலாம் தம்பி, யார் குத்துவது?" என்றாள் அவள்.

அந்த ஒரு கேள்வியில் பெரிய சரித்திரமே அடங்கியிருந்தது. சாமையின் உமியை நீக்குவது எளிதன்று. உரலும் உலக்கையுமாகப் பெண்கள் நெடுநேரம் குத்தவேண்டும். மரவள்ளிக்கோ அந்தத் தொல்லை இல்லை; கையில் பணமும் வருகிறது. ஆகவே, தலைமுறை தலைமுறையாக மலைமக்கள் பேணிவந்த சாமை, தினை, கேழ்வரகு இனங்கள் வயலைவிட்டு மெல்ல மெல்ல வெளியேறின. 1990-களிலிருந்து சென்னை எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இந்த விதைகளைக் காப்பதில் ஈடுபட்டது. உமி நீக்கும் சிறு யந்திரங்களைக் கிராமங்களில் அமைக்கவும் உதவியது. உலக்கையின் பாரம் குறைந்தால்தான் சாமை பிழைக்கும் என்பதை அவர்கள் கண்டுகொண்டார்கள்.

மறுநாள் பெரியகோவிலூர் சென்று அறப்பளீசுவரரைத் தரிசித்தோம். அம்பலவாணக் கவிராயர் இப்பெருமான்மீது ஒரு சதகம் பாடியிருக்கிறார். அருகே ஓடும் ஆற்றின் மீன்களைப்பற்றி ஓர் ஐதிகம் உண்டு. யாரோ அறுத்துச் சமைத்த மீன், துண்டுகள் ஒன்றுகூடி உயிர்பெற்று ஆற்றில் குதித்ததாம்! இன்றும் பக்தர்கள் மீன்களுக்கு இரை அளிக்கிறார்கள். கோயிலருகே சைக்கிள்களை நிறுத்திவிட்டு, 1,000-க்கு மேற்பட்ட படிகளில் இறங்கினால் ஆகாய கங்கை. ஐயாறு பாறையிலிருந்து பேரிரைச்சலுடன் விழும் காட்சி, கால்வலியை மறக்கச் செய்தது. திரும்பி ஏறும்போது நினைவூட்டியது!

அறுபட்ட மீன் மீண்டும் பொருந்தியது ஐதிகம். அறுபட்டுப்போன பழைய பயிர் மீண்டும் வயலோடு பொருந்துமா என்பது நம் கையில் இருக்கிறது. கொல்லி மலைக்குச் செல்லும் குடும்பங்கள் மிளகும் அன்னாசியும் பலாவும் வாங்கித் திரும்புகிறார்கள். அத்துடன் ஒரு படி சாமையும் வாங்கி வரட்டும். விதைத்ததை வாங்குவதற்கு ஆள் உண்டு என்று தெரிந்தால், விதைப்பதற்கும் ஆள் இருப்பார்கள்.