கொச்சி ரேடாரின் வட்டத்துக்கு வெளியே குமரி மீனவர்கள்

கொச்சி:
'நாளை மழை உண்டா?' போர்ட் கொச்சியில் தினமும் மாலையில் எழும் கேள்வி இது. கடற்கரையில் சீன வலைகளை இறக்கி ஏற்றுவோரும், மட்டாஞ்சேரியில் சுக்கும் மிளகும் கையாளும் வணிகர்களும், சுற்றுலாப் பயணிகளை நம்பிக் கடை விரிப்போரும் மறுநாள் வேலையை வானத்தைப் பார்த்தே திட்டமிடுகின்றனர். இந்தக் கேள்விக்கு உயிரையே பணயம் வைத்து விடை தேடுவோர் அருகிலுள்ள தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்தில் இருக்கின்றனர். அங்கிருந்து ஆழ்கடலுக்குச் செல்லும் விசைப்படகுகளில் கணிசமானவற்றை இயக்குவோர் தமிழர்கள். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கடலோரக் கிராமங்களைச் சேர்ந்தவர்கள்.

தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, பூத்துறை, மார்த்தாண்டன்துறை, நீரோடி ஆகிய ஊர்களின் மீனவர்கள், சுறா, சூரை போன்ற பெருமீன்களைத் தேடி ஒரே பயணத்தில் வாரக்கணக்கில் கடலில் தங்குபவர்கள். லட்சத்தீவைத் தாண்டியும் செல்பவர்கள். ஊர் தமிழகத்தில், தொழில் தொடங்கும் துறைமுகம் கேரளத்தில், எச்சரிக்கை தர வேண்டிய இந்திய வானிலை ஆய்வுத் துறையின் தலைமையகம் தில்லி லோதி சாலையில். இந்த மூன்றுக்கும் இடையிலான இடைவெளி எவ்வளவு ஆபத்தானது என்பதை 2017ஆம் ஆண்டு ஒக்கி புயல் காட்டியது.

ரேடார் எதைப் பார்க்கிறது?

கொச்சியில் வானிலைத் துறையின் டாப்ளர் ரேடார் இயங்குகிறது. திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவில் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் ரேடார் உள்ளது. நாட்டின் முதல் டாப்ளர் வானிலை ரேடார் 2002இல் சென்னையில் நிறுவப்பட்டது. 2014இல் 15 ஆக இருந்த இத்தகைய ரேடார்களின் எண்ணிக்கை, பத்தே ஆண்டுகளில் 39 ஆக உயர்ந்தது.

ரேடார் அனுப்பும் நுண்ணலை, மேகத்திலுள்ள மழைத் துளிகளில் பட்டுத் திரும்புகிறது. அந்த எதிரொலியின் வலிமை மழையின் அளவையும், அலைவரிசையில் ஏற்படும் மாற்றம் காற்று நகரும் வேகத்தையும் காட்டுகின்றன. புயல் அருகில் வந்துவிட்டால் அதன் மையத்தையும் காற்றின் வேகத்தையும் அறிய இதைவிடச் சிறந்த கருவி இல்லை. ஆனால் ரேடார் காட்டுவது இந்த நேரத்து வானத்தை மட்டுமே. அதைக் கொண்டு அடுத்த இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு இடி மழை எங்கே நகரும் என்று கூறலாம். நான்கு நாள்களுக்குப் பிறகான நிலையைச் செயற்கைக்கோள் தகவல்கள், கணினிக் கணிப்புகள் ஆகியவற்றைக் கொண்டே கூற முடியும்.

தூரத்துக்கும் எல்லை உண்டு. பூமி வளைந்திருப்பதால் ரேடார் கதிர் செல்லச் செல்லத் தரையிலிருந்து உயர்ந்துகொண்டே போகிறது. அரை டிகிரி சாய்வில் அனுப்பப்படும் கதிர், 100 கி.மீ. தொலைவில் சுமார் ஒன்றரை கி.மீ. உயரத்திலும், 250 கி.மீ. தொலைவில் ஏறத்தாழ 6 கி.மீ. உயரத்திலும் செல்லும். தென்மேற்குப் பருவமழையைப் பொழியும் தாழ்வான மேகங்கள் பல அந்தக் கதிருக்குக் கீழேயே தப்பிவிடும். கிழக்கே மேற்குத் தொடர்ச்சி மலை அதை மறிக்கிறது. மேற்கே மினிக்காய் தீவு கொச்சியிலிருந்து சுமார் 400 கி.மீ. தொலைவில் உள்ளது. அதையும் தாண்டிச் செல்லும் படகின் தலைமேல் திரளும் மேகத்தைக் கொச்சி ரேடாரைக் கொண்டு துல்லியமாக அளக்க இயலாது.

மேகமே இல்லாத நாளிலும் ஆபத்து வருவதுண்டு. தொலைதூரத் தென் இந்தியப் பெருங்கடலில் வீசும் புயல்களால் எழும் அலைகள் சில நாள்களில் கேரளக் கரையை அடைந்து ஊருக்குள் புகுகின்றன. போர்ட் கொச்சிக்குத் தெற்கேயுள்ள செல்லானம் மக்கள் இதை நன்கு அறிவர். 'கள்ளக்கடல்' என்று கேரள மீனவர்கள் அழைக்கும் இதை எந்த மழை ரேடாரும் காட்டாது. ஹைதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையமே இதற்கு முன்னறிவிப்பு வெளியிடுகிறது.

ஒரே நாளில் புயல்

2017 நவம்பர் 29 காலை இலங்கைக்கு அருகே காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாள் காலை குமரிக் கடலில் ஒக்கி புயலாக மாறிவிட்டது. பொதுவாக வங்கக் கடலில் உருவாகும் புயல் கரையை நெருங்கச் சில நாள்கள் ஆகும். ஒக்கியோ கரையோரத்திலேயே, ஒரே நாளில் வலுப்பெற்றது.

மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம் என்று 29ஆம் தேதியே எச்சரித்ததாக வானிலைத் துறை தெரிவித்தது. புயல் என்ற எச்சரிக்கை 30ஆம் தேதி நண்பகலில்தான் கிடைத்தது என்றது கேரள அரசு. இந்த வாதத்தில் இரு தரப்பும் கவனிக்கத் தவறிய ஒன்று உண்டு. பல நாள்களுக்கு முன்பே தோப்பும்படியிலிருந்து புறப்பட்டுவிட்ட படகுக்கு, 29ஆம் தேதி எச்சரிக்கையும் 30ஆம் தேதி எச்சரிக்கையும் ஒன்றே. இரண்டும் அதை எட்டப் போவதில்லை. கைப்பேசிக்கு அங்கு அலைத்தொடர்பு இல்லை. படகுகளில் உள்ள வி.எச்.எப். கருவி கரையுடன் பேச அந்தத் தொலைவில் பயன்படாது.

அந்த ஆண்டு டிசம்பரில் பாதுகாப்பு அமைச்சராக இருந்த நிர்மலா சீதாராமன் நாடாளுமன்றத்தில் அளித்த தகவலின்படி, அப்போது காணாமல்போயிருந்தோர் 661 பேர். இவர்களில் 400 பேர் தமிழகத்தையும் 261 பேர் கேரளத்தையும் சேர்ந்தவர்கள். பலர் கரை திரும்பியதால் பின்னர் இந்த எண்ணிக்கை குறைந்தது. திரும்பாதவர்களின் குடும்பங்களுக்கு இரு மாநில அரசுகளும் தலா 20 லட்சம் ரூபாய் நிதியுதவி வழங்கின. ப. சிதம்பரம் தலைமையிலான உள்துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு, ஒக்கி குறித்து 2018இல் தனி அறிக்கையே அளித்தது.

மீனவர்களைக் கணக்கிடுவதே அப்போது சிக்கலாக இருந்தது. 68 படகுகளில் 952 மீனவர்கள் சிந்துதுர்க் கரையில் பத்திரமாக ஒதுங்கியதாக டிசம்பர் 2 அன்று மகாராஷ்டிர முதல்வராக இருந்த தேவேந்திர பட்னவீஸ் அறிவித்தார். அவற்றில் 66 கேரளப் படகுகள், 2 தமிழகப் படகுகள் என்று அவர் குறிப்பிட்டார். படகின் பதிவு எண் ஒரு மாநிலத்தைக் காட்டலாம். அதில் இருப்பவரின் வீடு இன்னொரு மாநிலத்தில் இருக்கலாம். யார், எந்தப் படகில், என்று புறப்பட்டார் என்ற விவரம் ஒரே இடத்தில் இல்லாதபோது, தேடுதலும் நிவாரணமும் தாமதமாவது இயல்பே.

மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு

எச்சரிக்கையின் மொழியும் குழப்பத்துக்கு இடம் தருகிறது. 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ.க்கு மேல் பெய்தால் கனமழை, 115.6 மி.மீ. முதல் மிகக் கனமழை, 204.4 மி.மீ.க்கு மேல் அதிகனமழை என்பது வானிலைத் துறையின் வகைப்பாடு. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கைகள் பெரும்பாலும் இதையொட்டியே விடுக்கப்படுகின்றன. 'ஓரிரு இடங்களில்' என்றால் மாவட்டத்தின் மழைமானி நிலையங்களில் கால் பங்குக்கு மேற்படாமல் மழை பதிவாகும் என்று பொருள். ஆரஞ்சு எச்சரிக்கை விடுக்கப்பட்ட நாளில் மட்டாஞ்சேரியில் வெயில் அடித்தால் முன்னறிவிப்பு பொய்த்தது என்று சொல்லிவிட முடியாது. இதை விளக்கிச் சொல்லாதபோது மக்கள் அடுத்த எச்சரிக்கையை அலட்சியப்படுத்துகின்றனர்.

எச்சரிக்கை அரசியல் சர்ச்சையாவதும் புதிதல்ல. 2024 ஜூலை 30 வயநாடு நிலச்சரிவுக்கு மறுநாள், ஜூலை 23 முதலே கேரளத்துக்கு எச்சரிக்கை அனுப்பப்பட்டதாக உள்துறை அமைச்சர் அமித் ஷா மாநிலங்களவையில் கூறினார். நிலச்சரிவுக்கு முன் ஆரஞ்சு எச்சரிக்கை மட்டுமே இருந்தது என்றும், 48 மணி நேரத்தில் 572 மி.மீ. மழை கொட்டியது என்றும் முதல்வர் பினராயி விஜயன் பதிலளித்தார். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே, 2020இல், கேரள அரசு தனியார் நிறுவனங்களின் முன்னறிவிப்புச் சேவையையும் நாடியிருந்தது குறிப்பிடத்தக்கது.

கருவி வந்தது, கடமை யாருடையது?

ஒக்கிக்குப் பிறகு எதுவும் நடக்கவில்லை என்று கூற முடியாது. செயற்கைக்கோள் வழியாக நடுக்கடலிலும் எச்சரிக்கையைப் பெற உதவும் 'ஜெமினி' கருவியை 2019 அக்டோபரில் மத்திய அரசு அறிமுகப்படுத்தியது. ஆனால் அது செய்தியைப் பெறுமே தவிர, படகிலிருந்து பதில் அனுப்பாது. இருவழித் தொடர்புக்காக ஒரு லட்சம் மீன்பிடிக் கலங்களில் டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் சுமார் 360 கோடி ரூபாய்த் திட்டத்தை 2024 ஆகஸ்ட் 30 அன்று பிரதமர் பால்கரில் தொடங்கிவைத்தார். அதே ஆண்டு செப்டம்பரில், வானிலைக் கணிப்பை மேம்படுத்தும் 2,000 கோடி ரூபாய் 'மிஷன் மௌசம்' திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.

ரேடார்கள் கூடுவது வரவேற்கத்தக்கது. எனினும் கொச்சியில் எத்தனை ரேடார் வைத்தாலும், அதன் வட்டத்துக்கு வெளியே இருக்கும் படகுக்குச் செயற்கைக்கோள் வழி வரும் செய்தி ஒன்றே துணை. அந்தச் செய்தி அவருக்குப் புரியும் தமிழிலும் மலையாளத்திலும், எந்தத் திசையில் எவ்வளவு நேரத்துக்குள் விலக வேண்டும் என்ற தெளிவோடும் இருக்க வேண்டும். பயணத்தைப் பாதியில் நிறுத்தினால் டீசலுக்கும் பனிக்கட்டிக்கும் செலவிட்ட பணம் படகு உரிமையாளருக்கு நஷ்டம். பங்கு முறையில் உழைக்கும் தொழிலாளிக்கு வருவாயே இல்லை. எச்சரிக்கையை ஏற்றுத் திரும்புவோருக்கு இழப்பீடு என்ற ஏற்பாடு இருந்தால்தான், மேகத்தைப் பார்த்துத் தயங்குபவர் துணிந்து படகைத் திருப்புவார்.

தோப்பும்படியில் புறப்படும் ஒவ்வொரு படகின் ஆள் பட்டியலும் கேரள, தமிழக மீன்வளத் துறைகளுக்கும் கடலோரக் காவல் படைக்கும் ஒரே நேரத்தில் கிடைக்கும் ஏற்பாட்டுக்குப் புதிய ரேடார் தேவையில்லை. இரு மாநிலங்களும் மத்திய அரசும் செய்துகொள்ளும் ஒரு ஒப்பந்தம் போதும். அடுத்த புயலும் ஒக்கியைப் போல ஒரு நாள் அவகாசமே தரக்கூடும். அந்த ஒரு நாளில் யாரைத் தேடுவது என்பதாவது அரசுகளுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.