கூடைப்பந்தும் புள்ளியியலும்

அதிகப் புள்ளி எடுத்த அணி வென்றது. இதை அறியப் பலகையைப் பார்த்தால் போதும். ஆனால் அந்த அணி நன்றாக ஆடியதா என்பது வேறு கேள்வி. 2017-ஆம் ஆண்டு ஜூலை 29-ஆம் நாள் நம் பெங்களூரில் ஆசியப் பெண்கள் கூடைப்பந்துக் கோப்பையின் இரு இறுதி ஆட்டங்கள் நடைபெற்றன. முதற் பிரிவில் ஜப்பான் ஆஸ்திரேலியாவை 74–73 என்றும், இரண்டாம் பிரிவில் இந்தியா கஜகஸ்தானை 75–73 என்றும் வென்றன. ஒரே ஒரு பந்து வளையத்தில் பட்டு வெளியே விழுந்திருந்தால் முடிவு மாறியிருக்கக்கூடும். அதனால் ஓர் அணியின் ஆற்றல் கூடியோ குறைந்தோ விடுமா? விடாது. ஆற்றலை அளக்கப் புள்ளியியல் வேண்டும்.

காக்ஸ் டவுன் தெருக்களில் கிரிக்கெட் ஆடும் சிறுவர்களுக்கும் ரன் ரேட் தெரியும். மொத்த ரன் மட்டும் போதாது, எத்தனை ஓவரில் எடுத்தார்கள் என்றும் கேட்பார்கள். கூடைப்பந்தில் ஓவருக்கு ஈடானது, பந்து ஓர் அணியின் கைக்கு வரும் ஒவ்வொரு வாய்ப்பும் ஆகும். ஓர் அணி விரைந்து ஆடி 90 வாய்ப்புகளில் 81 புள்ளி எடுக்கிறது. மற்றோர் அணி நிதானமாக ஆடி 65 வாய்ப்புகளில் 65 புள்ளி எடுக்கிறது. கைதட்டல் முதல் அணிக்கே கிடைக்கும். ஆயினும் நூறு வாய்ப்புக்கு முதல் அணி எடுப்பது 90. இரண்டாவது அணி எடுப்பதோ 100! அமெரிக்கப் பயிற்சியாளர் டீன் ஸ்மித் 1950-களிலேயே இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தார்.

வாய்ப்புகளை எண்ணுவது எப்படி? கூடையை நோக்கி எறிந்த எறிகளின் தொகையிலிருந்து, தவறிய பந்தைத் தாமே மீட்ட ரீபவுண்டுகளைக் கழிக்க வேண்டும். எறியாமலே பறிகொடுத்த பந்துகளைக் கூட்ட வேண்டும். ஃப்ரீ த்ரோக்கள் பெரும்பாலும் இரண்டிரண்டாக வருவதால் அவற்றில் ஏறக்குறைய பாதியைக் கூட்ட வேண்டும். அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்களில் 0.475 என்ற எண்ணால் பெருக்குவர். 60 எறி, 10 ரீபவுண்டு, 15 பறிகொடுப்பு, 20 ஃப்ரீ த்ரோ என்றால் 60 – 10 + 15 + 9.5 = 74.5 வாய்ப்புகள். எடுத்தது 70 புள்ளி எனில், நூறு வாய்ப்புக்கு 94 ஆகிறது.

இனி, வெற்றியின் காரணங்களைக் காண்போம். டீன் ஆலிவர் என்பவர் 2004-இல் வெளியிட்ட நூலில் நான்கைக் குறித்தார்: எறியும் திறன், பந்தைப் பறிகொடாமை, ரீபவுண்டு, ஃப்ரீ த்ரோ. இவற்றுக்கு அவர் தந்த எடை முறையே 40, 25, 20, 15 சதவீதம். எறியும் திறனை அளக்கையில் மூன்று புள்ளிக் கூடையை ஒன்றரைக் கூடையாகக் கொள்ள வேண்டும். ஒருவர் இரண்டு புள்ளி எறிகள் 20 எறிந்து எட்டில் வென்றால் 16 புள்ளி. இன்னொருவர் மூன்று புள்ளி எறிகள் 10 எறிந்து நான்கில் வென்றால் 12 புள்ளி. இருவரும் நூற்றுக்கு நாற்பதே. ஆயினும் முன்னவரின் எறி ஒன்றுக்கு 0.8 புள்ளி, பின்னவருக்கு 1.2 புள்ளி. மறுநாள் பேச்சில் அடிபடுவது முன்னவர் பெயர்தான்!

இது வெறும் வேடிக்கைக் கணக்கன்று, நண்பர்களே. தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடம் பெறுவோர் உளர். ஏழை மாணவன் ஒருவனுக்குப் படிப்பே அந்த ஒரு தேர்வில் தொங்குகிறது. பாய்ந்து பந்தை மீட்பவனும், பறிகொடாமல் நண்பனுக்குக் கடத்துபவனும் புள்ளிப் பட்டியலில் தெரிவதில்லை. கணக்கு வைத்தாலன்றி அவர்கள் உழைப்பு யார் கண்ணிலும் படாது.

ஆனால் ஓர் எச்சரிக்கையும் உண்டு. நூற்றுக்கு நாற்பது திறமுடையவன் 25 முறை எறிந்தால், தற்செயல் காரணமாகவே விகிதம் பத்துச் சதவீதம் ஏறலாம், இறங்கலாம். அதாவது 30-உம் 50-உம் ஒரே ஆட்டக்காரனின் எண்களாக இருக்கக்கூடும். இந்த ஊசலாட்டத்தை நான்கில் ஒரு பங்காகக் குறைக்கப் பதினாறு மடங்கு, அதாவது 400 எறிகள் வேண்டும். ஐந்தாறு ஆட்டங்களில் முடிந்துவிடும் கல்லூரிப் போட்டியைக் கொண்டு ஒருவனைத் தள்ளிவிடுவது அறிவுடைமை ஆகாது.

எதிரியின் வலிமையையும் நினைக்க வேண்டும். அமெரிக்கக் கல்லூரிகள் 1981 முதல் 2018 வரை கையாண்ட தரவரிசையில் சொந்த வெற்றிக்குக் கால் பங்கே எடை. எதிரிகளின் வெற்றிக்கு அரைப் பங்கு. அந்த எதிரிகளின் எதிரிகளுக்கு மீதிக் கால். நோஞ்சான் அணிகளை வென்று குவித்த வெற்றிகள் அங்கே செல்லாக்காசு. எனினும் அம்முறை எத்தனை புள்ளியில் வென்றார்கள் என்பதைப் பார்க்கவே இல்லை. பின்னர் வேறு முறை வந்தது.

இதற்கெல்லாம் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. ஆடுகளத்தின் ஓரத்தில் இருவர். ஒருவர் ஆட்டத்தைப் பார்த்துச் சொல்ல, மற்றவர் கோடிட்ட நோட்டில் குறிக்கலாம். ஒரு பருவம் முழுதும் விடாமல் குறித்தால், தேர்வு நாளன்று நினைவை மட்டும் நம்பிப் பேச வேண்டியிராது. ஓய்வுள்ள நண்பர் இருவர் நம் கல்லூரி அணிக்கு இப்பணியைச் செய்ய முன்வருவார்களாக!